எங்கள் கதையை நாங்களே எழுதினால்...

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. வன்னியில் ஒரு கிராமம். யுத்தத்தில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளுடன் வாழ்ந்து வந்த ஓர் அக்காவைப் பற்றி, நான் வேலை செய்த அலுவலகத்தின் ஆண்டறிக்கைக்காக ஒரு பக்கம் எழுதினேன். இடம்பெயர்வு, இழப்பு, முகாம், மீள்குடியேற்றம், தையல் மெசின், மாத வருமானம் என்று எல்லாம் ஒழுங்காக வந்திருந்தன. சமூகவியல் படித்தவள் என்ற நினைப்பில் "நலிவுற்ற", "வலுவூட்டப்பட்ட" என்ற சொற்களையும் இடையிடையே சேர்த்திருந்தேன். "இன்று அவர் சொந்தக் காலில் நிற்கின்றார்" என்று முடித்திருந்தேன். அச்சுக்குப் போக முன்னர் அதை அவரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன்.

அக்கா கடைசி வரை கேட்டார். பிறகு சொன்னார்:

"எல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா இது நான் இல்லை."

"எது பிழை அக்கா?"

"பிழை எண்டு ஒண்டுமில்லை. ஆர் வந்து கேட்டாலும் இதைத்தானே நான் சொல்லுறனான். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே இது வேறை ஆரோ ஒருத்தியின்ரை கதை மாதிரிக் கிடக்கு."

"அப்ப உங்கடை கதை எது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இவர் ஒரு சைக்கிள் வச்சிருந்தவர். ஒவ்வொருக்காலும் இடம்பெயரேக்கை அதைத் துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டுத்தான் வெளிக்கிடுவார். செல் விழுந்துகொண்டிருக்கு, இந்த மனிசன் எண்ணெய் விடுது எண்டு நான் பேசாத பேச்சில்லை. அவர் செத்த அண்டைக்கும் பேசினனான். அதை இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

அந்தப் பக்கம் நான் எழுதியபடியே அச்சாகியது. சைக்கிள் அதில் இல்லை. எமது படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருக்கவில்லை.

அன்று தொடக்கம் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கதை எழுதுபவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் இப்படியான ஒரு சைக்கிளை எவ்வாறு கண்டுபிடிக்கின்றார்கள்? அதற்காக வாசித்தேன். பின்னர் அதே கிராமத்தில் ஏழெட்டுப் பெண்களுடன் மாதம் இரண்டு சனிக்கிழமைப் பின்னேரங்களில் மாதர் சங்கக் கட்டடத்தில் இருந்து எழுதியும் பார்த்தோம். அவற்றில் கற்றுக்கொண்ட சிலவற்றை வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கேட்பவருக்குச் சொல்வதும் தானாக எழுதுவதும்

எமது பெண்கள் தமது கதையை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டார்கள்! கிராம அலுவலரிடம், நிவாரணப் பதிவில், நீதிமன்றத்தில், வைத்தியரிடம், தொண்டு நிறுவனங்களிடம். 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் வந்த காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு, பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என ஒவ்வொன்றின் முன்னும் கோப்புடன் காத்திருந்த தாய்மாரையும் மனைவிமாரையும் நாம் அறிவோம்.

இந்த வாக்குமூலங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. திகதி, இடம், பெயர், சாட்சி ஆகியவை நீதிக்கு அவசியம். ஆனால் அங்கு எது முக்கியம் என்பதைத் தீர்மானிப்பவர் கேள்வி கேட்பவர்தான். கதையோ கட்டுரையோ எழுத உட்காரும்போது அந்த இடம் எழுதுபவளுக்குக் கிடைக்கின்றது. எங்கே தொடங்குவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதெல்லாம் அவள் கையில். பலரும் கேட்டுக் கேட்டு எடுத்துச் சென்ற ஒரு வாழ்க்கையில் இது சிறிய விடயம் அல்ல.

எடுத்த கொப்பியில் எழுதிய பெண்

"நாங்கள் என்ன படிச்சனாங்களே எழுத?" என்பதுதான் எமது வட்டத்தில் வந்த முதற் கேள்வி. அதற்கு நான் பிறேசில் நாட்டின் கரோலினா மரியா டி ஜெசுஸ் பற்றிச் சொன்னேன்.

1914இல் பிறந்த இந்தக் கறுப்பினப் பெண் பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய இரண்டு வருடங்கள் மட்டுமே. சாவோ பாவுலோ நகரத்தில் கனின்டே என்ற சேரியில், பலகைகளால் அடித்த குடிசையில் மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். தெருவில் பழைய கடதாசியும் இரும்பும் பொறுக்கி விற்பதே தொழில். குப்பைக்குள் கிடைத்த கொப்பிகளில் எழுதாத பக்கங்களைத் தேடி எடுத்து அவற்றில் நாட்குறிப்பு எழுதினார். 1958இல் ஒரு பத்திரிகையாளர் அந்தக் கொப்பிகளைக் கண்டார். 1960இல் அது நூலாக வெளிவந்தது. வேண்டாத சாமான்களைப் போட்டுவைக்கும் அறை என்பது அதன் தலைப்பின் பொருள். முதற் பதிப்பின் 10,000 பிரதிகள் சில நாட்களிலேயே விற்றுத் தீர்ந்தன. பல மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டது.

அந்த நாட்குறிப்பு எப்படித் தொடங்குகின்றது தெரியுமா? 1955 யூலை 15. மகளின் பிறந்தநாள். அவளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்க ஆசை, ஆனால் சாப்பாட்டுச் சாமான் விலை அதற்கு இடம் தரவில்லை. வறுமை பற்றிய பெரிய விளக்கம் எதுவும் இல்லை. அன்று கடதாசி விற்றுக் கிடைத்த காசு எவ்வளவு, அதில் என்ன வாங்கினார், பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று பக்கத்துக்குப் பக்கம் கணக்குப் போலவே எழுதிச் செல்கின்றார். அந்தக் கணக்குத்தான் வாசிப்பவரின் நெஞ்சைப் பிடிக்கின்றது. வீட்டுச் செலவைக் கொப்பியில் எழுதத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் எழுத்தின் முதற் பாடம் ஏற்கனவே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரோலினா பின்னர் நாவலும் எழுதினார். ஆனால் அதற்கு முன்போல் வரவேற்பு இருக்கவில்லை. அவரிடமிருந்து சேரியின் கதையை மட்டுமே உலகம் எதிர்பார்த்தது. 1977இல் அவர் இறந்தபோது அவரது வாழ்வில் வசதி எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. எழுத்து வயிற்றை நிரப்பும் என்று நான் எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தையலும் கோழி வளர்ப்பும் நடக்க வேண்டியது நடக்கத்தான் வேண்டும்.

விடுபட்டுப் போகும் சின்ன விடயங்கள்

இரண்டாம் உலகப் போரில் சோவியத் இராணுவத்தில் 8 இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பணியாற்றினார்கள். தாதியராக, குறிபார்த்துச் சுடுபவராக, விமானியாக, சமையல் செய்பவராக, உடுப்புத் தோய்ப்பவராக இருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களது குரல் கேட்கவில்லை. பெலாரஸ் நாட்டுப் பத்திரிகையாளரான சுவெட்லானா அலெக்சியேவிச் பல வருடங்களாக ஊர் ஊராகச் சென்று நூற்றுக்கணக்கான பெண்களின் வீடுகளில் அமர்ந்து அவர்கள் பேசியதைப் பதிவு செய்தார். "போருக்குப் பெண்முகம் இல்லை" என்ற பொருளில் அமைந்த அந்த நூல் 1985இல் வெளிவந்தது. 2015இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்நூலில் அவர் சொல்லும் ஓர் அனுபவம் எமக்கும் பழக்கமானது. அவர் ஒரு பெண்ணைக் காண வருகின்றார் என்று அறிந்த கணவர், போர் வரலாற்று நூலை வைத்து மனைவிக்கு முதல் நாளே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். அழாமல், பெண்களின் சின்ன விடயங்களைக் கதைக்காமல், தான் சொல்லித் தந்தபடி சொல்ல வேண்டும் என்பது அவரது கட்டளை. ஆனால் அலெக்சியேவிச் தேடிச் சென்றது அந்தச் சின்ன விடயங்களைத்தான். காலுக்குப் பெரிதான சப்பாத்து, வெட்டப்பட்ட பின்னல், பெண்களுக்கென உள்ளாடை இல்லாமல் ஆண்களுடையதை அணிய வேண்டியிருந்தமை ஆகியவை எந்த வரலாற்று நூலிலும் இல்லை. அவர் ஒரே வீட்டுக்குப் பல தடவைகள் போனார். முதல் நாளில் வருவது மனப்பாடமான கதை என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது வெளியே வர நேரம் எடுக்கும்.

எங்கள் அக்காவின் சைக்கிளும் அப்படித்தான் வந்தது. வாசித்துக் காட்டப் போன அன்று, நான் பேனையை மூடி வைத்த பிறகு.

பார்த்து, கேட்டு, பிறகு எழுதுதல்

கற்பனை என்றால் வீட்டில் இருந்து யோசிப்பது என்று சிலர் நினைக்கின்றார்கள். தமிழ்நாட்டு எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் அப்படிச் செய்யவில்லை. 1925இல் பிறந்து பதினைந்து வயதில் திருமணமான அவர், பல்கலைக்கழகப் படியேறாதவர். ஆனால் நாவல் எழுத முன்னர் அந்த மக்கள் வாழும் இடத்துக்கே போய்ப் பேசிப் பழகி விபரம் சேர்ப்பது அவரது வழக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் "கரிப்பு மணிகள்", சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் வாடிய சிறுவர்களைப் பற்றிக் "கூட்டுக் குஞ்சுகள்" ஆகிய நாவல்களை அவர் எழுதியது அவ்வாறுதான். அவரது "வேருக்கு நீர்" நாவலுக்கு 1973இல் சாகித்திய அக்கடமி விருது கிடைத்தது. 2014இல் அவர் காலமானார்.

எமது நாட்டிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. மங்களநாயகம் தம்பையா "நொறுங்குண்ட இருதயம்" என்ற நாவலை 1914இலேயே வெளியிட்டார். பரந்தன் குமரபுரத்திலிருந்து எழுதிவந்த தாமரைச்செல்வி, காடு வெட்டிக் களனியாக்கிய வன்னி மக்களின் வாழ்வைப் "பச்சை வயல் கனவு" நாவலாக்கினார். அதை எழுத அவருக்கு வேறு நாட்டு அனுபவம் தேவைப்படவில்லை. வாய்க்காலும் வரம்பும் தெரிந்திருந்தது.

மொழியைப் பற்றியும் பலர் தயங்குகின்றார்கள். "எனக்கு எழுத்துத் தமிழ் வராது" என்கின்றார்கள். தமிழ்நாட்டில் பாமா 1992இல் வெளியிட்ட "கருக்கு" தன் ஊரின் பேச்சுத் தமிழிலேயே எழுதப்பட்டது. அதை இலக்கியமாக ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தார்கள். இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடநூல். "வெளிக்கிட்டம்" என்று சொல்லிப் பழகிய வாய்க்கு "புறப்பட்டோம்" என்று எழுதினால் அழுகை கூட இரவல் வாங்கியது போலாகிவிடும்.

கதையாக எழுதுவதா, கட்டுரையாக எழுதுவதா?

இதுதான் எமது வட்டத்தில் அதிகம் பேசப்பட்டது. நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கின்றேன்.

கட்டுரை என்றால் வாசிப்பவர் அதை நடந்தது என்று நம்பி வாசிக்கின்றார். ஆகவே நடந்ததை மாற்றக் கூடாது. ஞாபகம் இல்லாவிட்டால் ஞாபகம் இல்லை என்றே எழுதலாம். பிறர் மனதில் என்ன இருந்தது என்பது எமக்குத் தெரியாது. அவர் செய்ததையும் சொன்னதையும் மட்டுமே எழுதலாம்.

கதையில் சுதந்திரம் கூட. இரண்டு பேரை ஒருவராக்கலாம். ஊரை மாற்றலாம். முடிவையும் மாற்றலாம். இறந்தவரின் மனதுக்குள்ளும் போகலாம். ஆனால் அங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் பங்கருக்குள் தண்ணீர் நிற்கும். தறப்பாளுக்குக் கீழே மத்தியான வெயில் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவருக்குத் தெரியும். இவற்றைப் பிழையாக எழுதினால், கதை என்றாலும் எமது சனம் நம்பாது.

அந்த அக்காவும் எமது வட்டத்துக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். சைக்கிளைப் பற்றி முதலில் கட்டுரையாக எழுதினார். பத்து வரி வந்தது. தான் பேசியதை எழுதினார், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினார், அதற்கு மேல் போக முடியவில்லை. இரண்டு மாதம் அந்தக் கொப்பியைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, அதையே கதையாக எழுதிக்கொண்டு வந்தார். அதில் வரும் மனிசி அவர் பேசியது போலவே பேசுகின்றாள். அந்த மனிதன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே பதில் சொல்கின்றான்: "பாதியிலை செயின் அறுந்தா இந்த மூண்டையும் ஆர் தூக்கிறது? உன்னாலை ஏலாது."

வாசித்து முடித்ததும் எவரும் பேசவில்லை. நான்தான் கேட்டேன், அவர் உண்மையாக அப்படிச் சொன்னவரா என்று.

"இல்லைத் தங்கச்சி. அவர் அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. கதையிலையாவது சொல்லட்டும் எண்டு எழுதினனான். எழுதினாப் பிறகுதான் யோசிச்சன், அதுக்காகத்தான் செய்திருப்பார் போலை."

சிறுகதை எழுதுவது எப்படி என்று பல நூல்களில் வாசித்திருக்கின்றேன். இதைவிடத் தெளிவாக எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. இதை இங்கு எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கின்றேன். அவர் மாற்றச் சொன்ன விபரங்களை மாற்றியிருக்கின்றேன்.

மற்றவரின் பெயர் வரும்போது

எமது கதையில் எப்போதும் பிறரும் இருக்கின்றார்கள். கரோலினா அயலவரின் சண்டை, குடி என்பவற்றைப் பெயருடன் எழுதினார். அவர் சேரியை விட்டு வெளியேறிய நாளில் அயலவர்கள் கோபத்தில் கல்லெறிந்தார்கள். "கருக்கு" வந்தபோது பாமாவின் சொந்த ஊர் மக்களே கோபப்பட்டு, சில மாதங்கள் அவரை ஊருக்குள் விடவில்லை. ஆப்கானிஸ்தான் யுத்தம் பற்றி அலெக்சியேவிச் எழுதிய நூலுக்காக, அவரிடம் பேசியவர்களிலேயே சிலர் தமது வார்த்தைகளைத் திரித்துவிட்டதாகக் கூறி 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நகர நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

சிறிய ஊரில் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. "கிணற்றடி வீட்டு மூன்று பிள்ளைத் தாய்" என்றாலே ஆளைத் தெரிந்துவிடும். அச்சுக்குக் கொடுக்க முன்னர் மூன்று கேள்விகளை எம்மிடமே கேட்க வேண்டும். இதனால் எவருக்காவது ஆபத்து வருமா? என் பிள்ளை வளர்ந்து இதை வாசித்தால் தாங்குமா? சம்பந்தப்பட்டவர் சம்மதித்தாரா? ஒன்றுக்காவது பதில் தெளிவில்லை என்றால் கொப்பியிலேயே இருக்கட்டும். அச்சாகாத எழுத்தும் எழுத்துத்தான். வழக்கோ முறைப்பாடோ நிலுவையில் இருப்பவர்கள் சட்டத்தரணியிடம் கேட்காமல் அந்தச் சம்பவத்தைப் பிரசுரிக்கக் கூடாது.

மனம் தாங்குமா?

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கரும் அவரது மாணவியும் 1986இல் வெளியிட்ட ஓர் ஆய்வு பிரபலமானது. பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தமக்கு நேர்ந்த கொடிய அனுபவத்தை எழுதினார்கள். சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்வை மட்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். எழுதிய உடனே பலருக்கு மனம் கனத்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைந்திருந்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

என் அனுபவத்தில், எழுத்து எல்லோருக்கும் மருந்தாவதில்லை. எழுதத் தொடங்கி நித்திரை குழம்பியவர்களும் இருக்கின்றார்கள். அப்படியானால் நிறுத்துங்கள். அது தோல்வி அல்ல. உளசமூகப் பணியாளரிடமோ வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலோ பேசுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இழப்பு பற்றித்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. எமது வட்டத்தில் எல்லோரையும் சிரிக்க வைத்த எழுத்து, முகாமில் தண்ணீர் வரிசையில் வாளி வைத்து இடம் பிடித்த சண்டை பற்றியது.

தொடங்க விரும்புவோருக்கு

1. ஒரு பொருளில் இருந்து தொடங்குங்கள். சைக்கிள், அரிவாள், பாடசாலைப் பை, நிவாரண அட்டை எதுவாகவும் இருக்கலாம். "எனது வாழ்க்கை" என்று தொடங்கினால் இரண்டாம் வரியில் நின்றுவிடும்.

2. நேரத்தைச் சிறிதாக வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் ராசசுந்தரி தேவி, வீட்டாருக்குத் தெரியாமல் சமையலறையில் ஒரு நூலின் ஏட்டை ஒளித்து வைத்து எழுத்துக் கூட்டக் கற்றார். அவரது சுயசரிதை 1876இல் வந்தது. உலை கொதிக்கும் நேரம் எமக்கும் உண்டு.

3. பத்திரிகைச் சொற்களை நீக்குங்கள். "சொல்லொணாத் துயரம்", "கண்ணீர்க் கடல்" என்பன எவருக்கும் பொருந்தும். அதனால் உங்களுக்குப் பொருந்தாது. அன்று என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

4. சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாக்குத் தடக்கும் இடத்தில் திருத்தம் தேவை. தோல்ஸ்தோயின் "போரும் சமாதானமும்" நாவலை அவரது மனைவி சோபியா பல தடவைகள் கையால் பிரதி எடுத்தார். அத்தனை தடவை அவர் திருத்தினார். நாம் மூன்று தடவையாவது திருத்தலாம்.

5. கொப்பியைப் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். முதலில் எவருக்கு வாசித்துக் காட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போதும் நான் படிவம் நிரப்புகின்றேன். ஆண்டறிக்கையும் எழுதுகின்றேன். உதவி கிடைக்க அவை வேண்டும். ஆனால் எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு படிவத்தை மூடி வைத்துவிட்டு ஒன்று கேட்கின்றேன்: "உங்களிட்டை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காத விசயம் ஏதும் இருக்கோ?" பெரும்பாலும் இருக்கும். அதை நான் குறித்துக்கொள்வதில்லை. ஒரு கொப்பியையும் பேனையையும் அவர்களிடம் கொடுத்துவிட்டு வருகின்றேன்.